ஊமத்தனின் பேய்

ஜூன் 1, ஞாயிறு

வல்லம் பரஞ்சோதியின் புது மாத நாவலை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டேன். பதினோராம் பக்கத்தில் மின்சாரம் போகிறது, பன்னிரண்டாம் பக்கத்தில் கொலுசுச் சத்தம் கேட்கிறது. முப்பது வருஷமாக இந்த மனிதர் ஒரே பேயை வைத்துக் காலம் தள்ளுகிறார். அதே வெள்ளைப் புடவை, அதே விரித்த தலை, அதே ஏமாற்றிய ஜமீன்தார். ஜமீன்தார்களே இல்லாமல் போய்விட்டார்கள். அந்தப் பேய்க்கும் ஓய்வு கொடுத்து அனுப்பலாம்.

இதை அப்படியே வாசகர் வட்டத்தில் எழுதினேன். நூற்றெண்பது பேர் இருக்கும் வாட்ஸப் குழு. திகில் கதை தவிர வேறு எதையும் பேசக் கூடாது என்பது விதி. “கோபாலரத்தினம் சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று பொன்மலை சைமன் போட்டார். பரஞ்சோதியின் ரசிகர்கள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். கோபிக்கட்டும்.

இருபத்தெட்டு வருஷம் அரசு பஸ்ஸில் செக்கராக இருந்தவன் நான். பஸ்ஸில் ஏறியதும் எவன் டிக்கெட் எடுக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். எழுத்தாளர்களையும் அப்படித்தான் பார்க்கிறேன். நாகலிங்க பூபதி நாற்பது பக்கம் மாந்திரீகம் எழுதுவார். எலுமிச்சம்பழம் வாங்கிய கடை வரைக்கும் வந்துவிடும், பயம் மட்டும் வராது. ரிச்சர்டு தனபால் இன்னும் மோசம். கடைசிப் பக்கத்தில் பேயே இல்லை, எல்லாம் சித்தப்பா செய்த வேலை என்று சொல்லிவிடுவார். நூற்றைம்பது பக்கம் நம்மை நம்ப வைத்துவிட்டு இப்படிச் செய்வது துரோகம். எஸ்தர் மனோகரி ஒருவர்தான் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்.

யாமினி துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனாள். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். முன்பெல்லாம் நிமிர்த்தித்தான் வைப்பாள்.

முழங்காலுக்கு நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டேன்.

ஜூன் 2, திங்கள்

விசாலாட்சியிடமிருந்து யாமினிக்கு போன் வந்தது. பதினாறு நிமிஷம் பேசினார்கள். விசாலாட்சி என் மனைவி. ஒன்பது வருஷமாக திண்டுக்கல்லில் அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அந்த ஊர்க் காற்று அவளுக்கு ஒத்துக்கொள்கிறது. எங்கள் உறையூர் தூசி ஆகவில்லை.

ஜூன் 6, வெள்ளி

சைமன் ஒரு இணைப்பு அனுப்பினார். ஏதோ ஓர் இணைய இதழில் புதுத் தொடராம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருமாம். எழுதுபவர் பெயர் ஊமத்தன். புனைபெயர்தான். பெயரைப் பார்த்ததும் பூபதியின் சீடன் யாரோ என்று நினைத்தேன்.

இல்லை.

மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஒரு பெண். பெயர் சொல்லவில்லை. வேலை முடிந்து வருகிறாள், அலமாரியைத் திறக்கிறாள். எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. ஆனால் துப்பட்டாவின் மடிப்பு இடது பக்கம் இருக்க வேண்டியது வலது பக்கம் இருக்கிறது. அவ்வளவுதான் முதல் அத்தியாயம். மின்சாரம் போகவில்லை, நாய் ஊளையிடவில்லை.

குழுவில் நீளமாக எழுதினேன். “இருபது வருஷத்தில் இப்படி ஒரு தொடக்கத்தை நான் படித்ததில்லை. எதையும் உடைக்காத பேய், எதையும் தூக்கி எறியாத பேய். தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறது. இந்த ஆசிரியருக்குப் பயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது.” முப்பத்தோரு பேர் கைதட்டல் போட்டார்கள்.

சாப்பிடும்போது யாமினிக்கும் கதையைச் சொன்னேன். சின்ன வயதிலிருந்தே நான் படித்ததையெல்லாம் அவளிடம் சொல்லித்தான் பழக்கம். என் மடியில் உட்கார்ந்து கேட்பாள். பேய் வரும் இடத்தில் என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொள்வாள். இன்றைக்குத் தட்டையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“நெஜமாவே நல்லா இருந்துச்சாப்பா?”

“பிரமாதம்.”

“வேற ஒண்ணும் தோணலையா?”

“படிக்கட்டு பதினஞ்சுன்னு எழுதியிருக்கான். மாடி வீட்டுக்குப் பதினேழாவது இருக்கணும். நம்ம வீட்டுக்கே பதினேழு.”

அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

ஜூன் 9, திங்கள்

யாமினி 7.40க்கு வந்தாள். வழக்கம் 5.50.

ஜூன் 10, செவ்வாய்

7.35. கண் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் அதிகம் என்றாள். அவள் கண் பரிசோதனை செய்து கண்ணாடிக்கு அளவு எழுதிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறாள். ஐந்து மணிக்குப் புற நோயாளிகள் பிரிவை மூடிவிடுவார்கள் என்று வாசலில் பலகையே வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 11, புதன்

கேஸ் புத்தகம் எங்கே என்று தெரியவில்லை. யாமினி ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அவள் அலமாரியில் தேடினேன். கேஸ் புத்தகம் இல்லை. எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்தேன். மடிப்பு எந்தப் பக்கம் என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொண்டேன். கதை படித்ததில் இப்படியும் ஒரு பிரயோசனம்.

கேஸ் புத்தகம் சமையலறை டப்பாவுக்குப் பின்னால்தான் இருந்தது, எப்போதும் போல.

ஜூன் 13, வெள்ளி

இரண்டாம் அத்தியாயம். அந்தப் பெண் தன் அறைக்குள் வந்ததும் தைல வாசனை அடிக்கிறது. யாரோ இப்போதுதான் இங்கே நின்றிருக்கிறார்கள்.

பேய் என்றால் மல்லிகை வாசனை என்று எழுதி எழுதி மல்லிகையின் பெயரையே கெடுத்துவிட்டார்கள் நம் ஆட்கள். தைலம் புதுசு. வயதான பேய் என்று வாசகனுக்குத் தானாகப் புரிந்துவிடுகிறது. அதற்கு உடம்பு வலி இருக்கிறது என்றும் புரிகிறது. வலி உள்ள பேயை யார் எழுதியிருக்கிறார்கள்? இதைத்தான் குழுவில் போட்டேன். ஆசிரியருக்கே அனுப்ப ஒரு பெட்டி இருந்தது, அதிலும் போட்டேன். மூன்று மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. “நன்றி ஐயா. உங்கள் கருத்துக்குத்தான் காத்திருந்தேன். – ஊமத்தன்.” இளைஞனாகத்தான் இருக்க வேண்டும். மரியாதை தெரிந்தவன்.

இந்த வாரத்திலிருந்து தைலத்தைச் சாயங்காலம், வீட்டு வேலையெல்லாம் முடிந்த பிறகு தேய்த்துக்கொள்வது என்று வைத்திருக்கிறேன். முழங்காலுக்கு அதுதான் நல்லது.

ஜூன் 14, சனி

யாமினி குளிக்கும்போது சார்ஜர் தேவைப்பட்டது. அவள் பையில் இருக்கும் என்று பார்த்தேன். ஒரு காகிதத்தில் ‘ஜெரோம்’ என்று எழுதி ஒரு நம்பர். கீழே ‘செவ்வாய் 5.30, ஜூஸ் கடை’ என்று அவள் கையெழுத்து.

ஜெரோம்.

நம்பரை இங்கே எழுதவில்லை. வேறு இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

புத்தூரில் எனக்கு ஒரு வேலை இருந்தது. மருந்து வாங்க வேண்டும். உறையூரிலும் மருந்துக் கடை இருக்கிறது, ஆனால் அங்கே எல்லா மருந்தும் கிடைப்பதில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே நிற்கும்போது தற்செயலாக ஜூஸ் கடை கண்ணில் பட்டது.

முப்பத்தைந்து வயது இருக்கும். தாடி. மடிக்கணினியைத் திறந்து யாமினி பக்கம் திருப்பிக் காட்டினான். அவள் எதையோ மறுத்தாள். அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாகிறது என்று யோசித்தேன். ஐம்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவன் ஸ்கூட்டரில் தனியாகப் போனான். அவள் பஸ்ஸுக்கு வந்தாள்.

நானும் அதே பஸ்ஸில்தான் வந்தேன். பின் படிக்கட்டில் ஏறிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவள் பார்க்கவில்லை. வீட்டுக்கு நான் பத்து நிமிஷம் கழித்து வந்தேன்.

“எங்கப்பா போயிருந்தீங்க?”

“நடந்துட்டு வந்தேம்மா.”

“முட்டி வலியோடயா?”

டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

மூன்றாம் அத்தியாயத்தில் ஊமத்தன் ஒரு தப்பு செய்திருக்கிறான். வீட்டுப் பேய் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. இது எஸ்தர் மனோகரியே மீறாத விதி. இவன் கதையில் அந்தப் பெண் பஸ்ஸில் வரும்போது கடைசி வரிசையில் அது உட்கார்ந்திருக்கிறது. முகத்துக்கு நேரே செய்தித்தாளை விரித்துப் பிடித்திருக்கிறது. பஸ் குலுங்கும்போதுகூடத் தாள் இறங்கவில்லை. அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமல் ஜன்னல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வருகிறாள்.

அந்த வரியை இரண்டு முறை படித்தேன். பஸ்ஸில் எத்தனையோ பேர் செய்தித்தாள் படிக்கிறார்கள்.

குழுவில் ஒன்றும் எழுதவில்லை. தலைவலி.

ஜூன் 22, ஞாயிறு

யாமினி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சமைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

“அப்பா, ஒரு பேய்க்குத் தான் பேய்னு தெரியுமா?”

இந்த மாதிரி கேள்வி கேட்டு அவள் வருஷக்கணக்காகிறது. எனக்கு உற்சாகமாகிவிட்டது. “நல்ல கதையில தெரியாது. பரஞ்சோதி கதையில வர்றதுக்குத் தெரியும், அதனாலதான் அது சும்மா கத்திக்கிட்டே இருக்கு. நெஜமான பேய் தன் வீட்டுல தான் இருக்கோம்னு நெனச்சுக்கிட்டிருக்கும். மத்தவங்கதான் விசித்திரமா நடந்துக்கறாங்கன்னு அதுக்குத் தோணும்.”

“யாராவது அதுகிட்ட சொன்னா?”

“நம்பாது.”

“எப்படிச் சொன்னா நம்பும்?”

“கத்தினா நம்பாதும்மா. அழுதாலும் நம்பாது. அதுக்குப் புடிச்ச பாஷையில சொல்லணும்.”

“சொல்லிப் பாத்தாச்சு, அப்பவும் புரியலன்னா?”

“அப்ப அந்த வீட்ட விட்டுப் போயிட வேண்டியதுதான். வேற வழி என்ன இருக்கு?”

அவள் பூண்டுத் தோலை ஊதித் தள்ளினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்னிடம்தான் இருந்தது. இருந்தாலும் நெடி அந்தப் பக்கமும் போகும்.

அந்தத் தாடிக்காரனைப் பற்றி அவளாகச் சொல்வாள் என்று பொழுதெல்லாம் காத்திருந்தேன். சொல்லவில்லை.

ஜூன் 25, புதன்

ஜெரோமுக்கு போன் செய்தேன். நாகரிகமாகத்தான் பேசினேன், இரண்டு வார்த்தையைத் தவிர. என் பெண்ணிடமிருந்து விலகி இருக்கச் சொன்னேன். அவன் வேலை செய்யும் இடம் எனக்குத் தெரியும் என்றேன். தெரியாது, ஆனால் செக்கர் வேலையில் கற்றுக்கொண்டது அது. தெரிந்த மாதிரி பேச வேண்டும்.

“சார், நீங்க யாமினியோட அப்பாவா?” என்று கேட்டான். பயந்த குரல் இல்லை. வருத்தப்பட்ட குரல் மாதிரி இருந்தது. எனக்கு அதுதான் எரிச்சல்.

வைத்துவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

5.20க்கே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து எனக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஜெரோம் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?”

“நீ சொல்லலியே.”

“நீங்க தொடர் படிக்கிறீங்களே, அந்த இதழோட ஆசிரியர். கல்யாணமாகி ரெண்டு கொழந்த இருக்கு. செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து எங்கிட்ட அத்தியாயத்துல திருத்தம் சொல்வாரு.”

“உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்?”

இந்தக் கேள்வியை நான் கேட்டேன். அந்த நேரத்திலும் கேட்டேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நோயாளி எந்த வரிசை எழுத்து வரைக்கும் படிக்கிறான் என்று பார்க்கிற மாதிரி.

“ஊமத்தன் நான்தாம்பா.”

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் மூடிவிட்டு வந்தேன்.

“மொத வாரமே உங்களுக்குத் தெரிஞ்சிடும்னு நெனச்சேன். தெரியணும்னுதான் எழுதினேன். நீங்க குழுவுல ‘பிரமாதம்’னு போட்டீங்க. தைலம் எழுதினேன். ‘புதுசு’ன்னு போட்டீங்க. பஸ்ஸு எழுதினேன். அதுக்குப் பேசாம இருந்தீங்க. சரி, புரிஞ்சிடுச்சு, இனிமே எங்கிட்ட பேசுவீங்கன்னு காத்திருந்தேன். அவருக்கு போன் பண்ணியிருக்கீங்க.”

“நான் உன்னோடத எதையும் எடுத்ததில்லையேம்மா. பாத்துட்டு அப்படியே வச்சிடுவேன்.”

“அதுதாம்பா பயமே.”

அவள் உண்மையான பெயரை மறைத்து எழுதியது தவறு என்று சொன்னேன். அப்பாவிடம் நேராகச் சொல்லியிருக்கலாம் என்றேன்.

“நேரா சொன்னேனே. காலேஜ்ல படிக்கறப்ப சொன்னேன், போன வருஷம் சொன்னேன். பெத்தவன் பாக்காம யாரு பாப்பான்னீங்க. அம்மாவும் சொன்னாங்க. அப்ப நான் அவங்கள நம்பல. அப்பா அக்கறையில செய்றாரு, உனக்குத்தான் புரியலன்னு அம்மாகிட்ட சண்ட போட்டேன். அவங்க திண்டுக்கல்லுக்குப் போறப்ப என்னையும் கூப்பிட்டாங்க. நான் உங்க கூடவே இருக்கேன்னு சொல்லிட்டேன்.”

குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குப் பதில் பேச வந்திருக்கும்.

“விசாலாட்சிக்குத் தூசி ஆகல” என்றேன்.

“அப்பா” என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 27, வெள்ளி

தொடர் வரவில்லை. இந்த வாரம் இடைவெளி என்று போட்டிருந்தார்கள். குழுவில் எல்லோரும் ஊமத்தனுக்கு என்ன ஆயிற்று என்று விசாரிக்கிறார்கள். உடம்பு சரியில்லையோ என்கிறார் சைமன்.

ஜூன் 28, சனி

ஜெரோமிடம் மன்னிப்புக் கேட்க போன் செய்தேன். எடுத்தார். கேட்டேன். “பரவால்ல சார். உங்க பொண்ணு பெரிய எழுத்தாளரா வருவாங்க” என்றார். பிறகு, “உங்ககிட்டேருந்துதான் கத்துக்கிட்டேன்னு சொல்வாங்க” என்றும் சொன்னார். அவர் திட்டியிருக்கலாம்.

ஜூலை 2, புதன்

யாமினி போய்விட்டாள். கண்டோன்மென்ட் பக்கம் பெண்கள் விடுதி. இரண்டு பை. பஸ் ஸ்டாப் வரைக்கும் வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

ஜூலை 4, வெள்ளி

கடைசி அத்தியாயம் வந்துவிட்டது. இன்னும் ஆறேழு வாரம் ஓடும் என்று குழுவில் எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள்.

அந்தப் பெண் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறாள். கதை அவளோடு போகவில்லை. வீட்டிலேயே நின்றுவிடுகிறது. பேய் சாயங்காலம் ஜன்னலருகே வந்து நிற்கிறது. அவள் வரும் நேரம் தாண்டுகிறது. பிறகு அலமாரியைத் திறக்கிறது. விரித்த செய்தித்தாள் மட்டும் கிடக்கிறது. அதையும் எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப விரித்து, சுருக்கத்தைக் கையால் நீவிவிடுகிறது. மடித்து வைக்க ஒன்றும் இல்லாத கை என்ன செய்யும் என்று ஒரு வரி.

மூன்று முறை படித்தேன். ஒரு சொல் அதிகம் இல்லை. பேயைத் திட்டவே இல்லை. அதற்கு முட்டி வலிக்கிறது என்று எழுதியிருக்கிறாள். உட்கார்ந்து எழும்போது அலமாரிக் கதவைப் பிடித்துக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறாள். அதை எப்போது பார்த்தாள்?

குழுவில் ஒரே சண்டை. பேய் யார் என்று கடைசிவரை சொல்லவில்லை, இது ஏமாற்று வேலை என்கிறார்கள் பரஞ்சோதி ஆட்கள். கோபாலரத்தினம் சார் தீர்ப்புச் சொல்லட்டும் என்று சைமன் என்னை இழுத்துவிட்டார். நாலு தடவை எழுதி நாலு தடவையும் அழித்தேன். கடைசியில் இப்படிப் போட்டேன்: “சொல்லத் தேவையில்லை. தெரிய வேண்டியவருக்குத் தெரியும்.”

சைமன் கைகூப்பினார். ஆழமான கருத்து என்றார்.

ஜூலை 6, ஞாயிறு

விசாலாட்சிக்கு போன் செய்தேன். நானாகச் செய்து இரண்டு வருஷம் இருக்கும். நலம் விசாரித்துவிட்டு, “ஒரு தொடர் வந்துச்சு” என்று ஆரம்பித்தேன்.

“படிச்சேன்” என்றாள்.

“யார் எழுதினதுன்னு...”

“மொத அத்தியாயத்துலயே தெரிஞ்சுது. துப்பட்டாவுக்குப் பதிலா அப்ப என் புடவை.”

பின்னால் அவள் அண்ணன் வீட்டு மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது.

“அங்க தூசி பரவாயில்லையா?” என்று கேட்டேன்.

“எனக்கு எங்கயுமே தூசியால பிரச்சனை இல்லீங்க” என்றாள்.

ஜூலை 11, வெள்ளி

வெள்ளிக்கிழமை படிக்க ஒன்றும் இல்லை. ரிச்சர்டு தனபாலின் பழைய நாவல் ஒன்றை எடுத்தேன். பேய் இல்லை, சித்தப்பாதான் என்று கடைசியில் வரும் இடத்தை இந்த முறை திட்டத் தோன்றவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

யாமினியிடமிருந்து செய்தி. ‘ஞாயிறு பத்து மணிக்கு வந்து மிச்ச சாமான் எடுத்துக்கறேன்ப்பா.’ சரி என்று அனுப்பினேன். எந்தத் தெரு, எந்த விடுதி, எத்தனை மணிக்குக் கேட்டைப் பூட்டுவார்கள், கூட இருப்பவள் யார் என்று எழுதி, அழித்துவிட்டு, சரி என்று மட்டும் அனுப்பினேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஒன்பதே முக்காலுக்குச் சாவியைக் கீழ் வீட்டில் கொடுத்துவிட்டு வெளியே கிளம்பினேன். அவளுக்கும் ஒரு செய்தி போட்டேன். ‘நான் வெளியே போறேன். ஒரு மணிக்கு மேலதான் வருவேன். நிதானமா எடுத்துக்கோ.’ பிறகு ‘தேங்க்ஸ்ப்பா’ என்று வந்தது.

நாச்சியார் கோயில் வெளிப் பிரகாரத்தில் போய் உட்கார்ந்தேன். கையில் புத்தகம் எடுத்துப் போகவில்லை. இப்போது பத்தாகியிருக்கும், இப்போது படியேறியிருப்பாள், இப்போது அலமாரியைத் திறந்திருப்பாள் என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. பதினொன்றரைக்குக் கால் தானாக எழுந்து வாசல் வரைக்கும் வந்துவிட்டது. தெரு முனையில் நின்றால் வீடு தெரியும். மரத்தடியில் நின்றால் அவளுக்குத் தெரியாது. பூக்கடைக்காரம்மா “செருப்பா தேடுறீங்க?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே போய் உட்கார்ந்தேன்.

ஒன்றேகாலுக்கு வந்தேன். சாவி கீழ் வீட்டில் இருந்தது. “பொண்ணு இப்பதான் போச்சு. உங்களக் கேட்டுச்சு, முட்டி எப்படி இருக்குன்னு” என்றார் கீழ் வீட்டு அம்மா.

சமையலறையில் வெண்டைக்காய்ப் பொரியல் செய்து மூடி வைத்திருந்தாள். சாதமும் சூடாக இருந்தது. சாப்பிட்டேன். தட்டைக் கழுவி வைத்தேன்.

அவள் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. தாழ்ப்பாள் போடவில்லை, சும்மா சாத்தி வைத்திருக்கிறாள். எதையெல்லாம் எடுத்துப் போனாள், எதை விட்டுப் போனாள் என்று தெரியாது. மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கிறதா என்றுகூடத் தெரியாது. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். மணி ஐந்தாகப் போகிறது.

இதுவரை திறக்கவில்லை.